எஞ்சினியர் மாப்பிள்ளையும் மஞ்சள் பிளேனும்

வாயில் பாதிப் பெட்டிஸ் இருக்கும்போதுதான் அந்தப் பிளேனைக் கொண்டுவந்து பஹ்மியின் முன்னால் வைத்தார்கள்.

றிமோட்டில் பறக்கிற மாடல்தான், ஆனால் சின்னச் சாமான் இல்லை. இரண்டு இறக்கையும் சேர்ந்தால் ஓர் ஆள் நீட்டிப் படுக்கிற அகலம். மஞ்சள் நிறம். மூக்கில் மரக் காற்றாடி, அதற்குப் பின்னால் தேநீர்க் கோப்பை அளவில் ஒரு நிஜமான பெற்றோல் எஞ்சின். பிலிமத்தலாவை டவுனில் இரும்புக் கடை வைத்திருக்கும் ஹாஷிம் ஹாஜியார்தான் வீட்டுக்காரர். அவரே அதை இரண்டு கையாலும் ஏந்தி வந்து, பலகாரத் தட்டுகளை ஒதுக்கிவிட்டு மேசையில் இறக்கினார்.

"மகன், இது ஸ்டார்ட் ஆகுதில்ல," என்றார். "நீங்க பிளேன் எஞ்சினியர்தானே. கொஞ்சம் பாருங்களேன்."

பஹ்மி பெட்டிஸை மெல்லாமலே விழுங்கினான்.

"மக ஒரே ஒரு வார்த்தைதான் செல்லி ஈக்கிறா," என்றார் ஹாஜியார், உள்வாசல் திரையை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு. "மாப்புள இத ஸ்டார்ட் பண்ணிக் காட்டினா போதுமாம். பொறகு ஒரு கேள்வியும் கேக்க மாட்டாளாம். புள்ளைட ஆச. ஒங்களுக்கு இது லேசான வேலதானே."

"லேசு, லேசு," என்றார் கலியாணப் புரோக்கர் முஹைதீன். கேள்வி பஹ்மிக்கு, பதில் அவருடையது. "கட்டார்ல இவர்ட கைபடாத பிளேனே இல்ல ஹாஜியார்."

இதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. கட்டார் விமான நிலையத்தில் வந்து நிற்கிற பிளேன்களுக்குள் ஏறி, கதிரைகளைத் துடைத்து, பெல்ட்டுகளைக் குறுக்காக மடித்து வைத்து, வாந்தி எடுக்கிற கடதாசிப் பைகளைப் பார்த்துச் செருகிவிட்டு இறங்குவதுதான் ஆறு வருடமாகப் பஹ்மி செய்யும் தொழில். எஞ்சினை அவன் யன்னலால் பார்த்திருக்கிறான். அது இறக்கைக்குக் கீழே இருக்கும் என்று நன்றாகத் தெரியும். இந்தப் பிளேனில் அது மூக்கில் இருந்ததே அவனுக்கு முதல் அதிர்ச்சி.

முதல் இரண்டு சம்பந்தத்துக்கும் முஹைதீன் உள்ளதை உள்ளபடிதான் எழுதினார். 'விமானத் துப்புரவு' என்று பயோடேட்டாவில் போட்டதும் இரண்டு வீட்டிலும் தேநீர்கூடக் கிடைக்கவில்லை. மூன்றாவது தடவை, "எழுத்துல கொஞ்சம் கை வெக்கணும்," என்று சொல்லி, 'ஏர்கிராஃப்ட் எஞ்சினியர்' என்று எழுதிவிட்டார். பஹ்மி அரை நாள் எதிர்த்தான். மத்தியானம் ஹாஜியாரின் மகள் றம்ஸியாவின் படம் ஃபோனுக்கு வந்தது. அதோடு அவனுடைய எதிர்ப்பு முடிந்தது. அந்தப் படத்தை அவன் எத்தனை தடவை எடுத்துப் பார்த்தான் என்று அவனுடைய ஃபோன் பட்டரியைக் கேட்டால் சொல்லும்.

பெண்ணின் பயோடேட்டாவும் அவனுடைய உம்மா ஹபீலாவுக்குப் பரம திருப்தி. 'படிப்பு பள்ளியில் சாதாரண தரம் வரை. சமையல், தையல் மிக நன்று. அடக்கமான சுபாவம்.' உம்மா புரோக்கரிடம் ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: "எங்கட மகனவிடப் படிச்ச புள்ள வாணவே வாணாம். படிச்சதுகள் வாய் காட்டும்."

வெள்ளிக்கிழமை பஹ்மி திரும்பிப் போக வேண்டும். வயது முப்பத்திரண்டு. அடுத்த லீவுக்கு இன்னும் இரண்டு வருடம். அதற்குள் அந்தப் படத்திலுள்ள முகம் வேறு யாருடைய வீட்டிலாவது சிரித்துக்கொண்டிருக்கும்.

ஆகவே சேட்டின் கையை மடித்துக்கொண்டு எழும்பினான்.

அவன் மடித்தது உம்மா நேற்று அயர்ன் பண்ணிக் கொடுத்த வெள்ளைச் சேட்.

பிளேனைச் சுற்றி ஒருமுறை நடந்தான். குனிந்து வயிற்றுப் பக்கம் பார்த்தான். அங்கே ஒரு குட்டி ஸ்விட்ச் இருந்தது. இது அவனுக்குத் தெரிந்த சாமான். கட்டாரில் ஒவ்வொரு கதிரைக்கு மேலேயும் இருக்கிறது, தினமும் துடைக்கிறான், வாசிக்கிற லைட். பட்டப் பகலில் லைட் எதற்கு என்று அதை விட்டுவிட்டான்.

பிறகு காற்றாடியில் விரலை வைத்துச் சுழற்றினான். எஞ்சின் 'பிளக்' என்றது. இன்னொரு தடவை சுழற்றினான். அதே 'பிளக்'. நாற்பது தடவை சுழற்றியும் அதற்கு மேல் ஒரு சொல்லும் அது பேசவில்லை. பஹ்மிக்குத்தான் மூச்சு வாங்கியது.

"நாங்க அங்க பெரிய எஞ்சின்தானே பாக்கிற," என்றான். "சின்னதுக்கு வேற மாதிரி."

"அது சரிதானே," என்றாள் உம்மா.

"ஒரு கோல் எடுக்கணும். ஒஃபிஸ்ல இருந்து." ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலால் இறங்கி நேரே கேற்றுக்குப் போனான். அங்கே கறுப்பையா த்ரீவீலுக்குள் கால் நீட்டிப் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கடுகண்ணாவையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிவர ஹாஜியார் அனுப்பியது இந்த வண்டியைத்தான். வருகிற வழி முழுக்கக் கறுப்பையா ஒரே கதைதான் சொல்லிக்கொண்டு வந்தார்: போன மாதம் கராஜில் வண்டியை விட்டபோது எவனோ இவருடைய காபரேட்டரைக் கழற்றி வேறு வண்டிக்குப் பூட்டிவிட்டானாம். எந்த வண்டி என்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லையாம்.

"அண்ணே, ஒரு எஞ்சின் ஸ்டார்ட் ஆகாட்டி என்ன செய்யணும்?"

கறுப்பையா பேப்பரை இறக்கினார். "மஞ்ச பிளேனுங்களா?"

"ஒங்களுக்கு அது தெரியுமா? யாருடது?"

"இந்த வூட்டு பிளேன்தாங்க," என்று சொல்லிவிட்டு அவர் ஏனோ பேப்பரை நாலாக மடித்தார். "நீங்க எஞ்சினியருன்னு சொன்னாங்களே தம்பி?"

"நான் பெரிய எஞ்சின்."

"அப்புடிங்களா. நம்ம வண்டி காலையில மக்கர் பண்ணுனா சோக்க இழுப்பேன். அது எல்லாத்துக்கும் ஒன்னுதானுங்க."

பஹ்மி திரும்பி வந்தான். காபரேட்டர் பக்கத்தில் சோக் போல ஏதோ இருந்தது. அதை மூடிவிட்டு, இந்த முறை அறுபது தடவை சுழற்றினான். எஞ்சின் பேசவில்லை, ஆனால் ஒழுகத் தொடங்கியது. மேசை விரிப்பு நனைந்து, அங்கிருந்து சொட்டுச் சொட்டாக, ஹாஜியார் சவூதியிலிருந்து தோளில் சுமந்து கொண்டுவந்த கார்பெட்டில் இறங்கியது. தட்டிலிருந்த வட்டிலப்பத்துக்கும் பெற்றோல் மணம் வந்தது.

"வெளியில கொண்டு போவமே," என்றார் ஹாஜியார். குரலில் இன்னும் மரியாதை இருந்தது.

பிளேன் முற்றத்துக்குப் போனது. எல்லோரும் கதிரைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். பஹ்மிக்கு ஒஃபிஸிலிருந்து இன்னொரு கோல் வந்தது.

"பெற்றோல் கூடக் குடிச்சிருச்சுங்க," என்றார் கறுப்பையா. "ஸ்பார்க் பிளக்க கழட்டி நெருப்புல காட்டுங்க. காஞ்சிரும்." ஸ்பானரையும் அவரே கொடுத்தார்.

பிளக்கைக் கழற்றுவதற்குள் பஹ்மியின் வெள்ளைச் சேட்டில் பாதி கறுத்துவிட்டது. அதை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனான். மாமியாராக வரவேண்டிய பாயிஸா, மத்தியானச் சாப்பாட்டுக்குக் கோழிக் கறியை இறக்கப் போகிற நேரம். மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த இடத்தில் குசினிக்குள் ஏறியதைப் பார்த்து அவள் முக்காட்டை இழுத்துக்கொண்டு அலுமாரிப் பக்கம் ஒதுங்கினாள்.

"ஒரு நிமிஷம் மாமி. டெக்னிக்கல் வேல."

இடுக்கியால் பிளக்கைப் பிடித்து அடுப்பில் காட்டினான். சூடு இடுக்கி வழியாகக் கைக்கு வந்தது. கையை உதறினான். பிளக் நேரே கோழிக் கறிச் சட்டிக்குள் போய் விழுந்து மூழ்கியது.

பாயிஸா அகப்பையை எடுத்து நீட்டினாள். மூன்று தடவை துழாவியபோது இரண்டு தடவை கழுத்தெலும்பு வந்தது, மூன்றாவது தடவை பிளக் வந்தது. அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினான். சட்டியைப் பாயிஸா பின்பக்கம் கொண்டுபோனாள். ஒன்பது பேருக்குச் சமைத்த கறி.

பிளக்கை மாட்டிவிட்டு மறுபடியும் சுழற்றினான். இப்போது மசாலா மணம் வந்தது, சத்தம் வரவில்லை.

முற்றத்தில் எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பார்வைகளுக்கு நடுவில் நின்றபோது, உண்மையைச் சொல்லிவிட்டால் என்ன என்று பஹ்மிக்கு ஒருகணம் தோன்றியது. 'மாமா, நான் பிளேன் கூட்டுகிறவன்' என்று நாலு சொல். வாயைத் திறந்தும்விட்டான். ஆனால் உம்மா அப்போது ஹாஜியாரிடம், "பைலட்மார் இவன்ட்ட கேக்காம பிளேன எடுக்க மாட்டாங்களாம்," என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டு, பிளேனின் பெற்றோல் தாங்கி மூடியைத் திறந்தான்.

உள்ளே இருந்த பெற்றோல் நீலமாக இருந்தது.

பஹ்மிக்கு உயிர் வந்தது. "இதுதான் பிரச்சின," என்று நிமிர்ந்தான். "கலப்படம். பெற்றோல் நீலமா வருமா? எவனோ ஒங்களுக்கு நல்லா ஏமாத்தி ஈக்கிறான் மாமா."

யன்னல் திரைக்குப் பின்னால் யாரோ இருமினார்கள். வெட்கம் என்று நினைத்துக்கொண்டான்.

தாங்கியிலிருந்ததை அப்படியே அந்தூரியப் பாத்தியில் கவிழ்த்தான். கண்டியில் மலர்க் கண்காட்சிக்கென்று பாயிஸா வளர்த்த செடிகள் அவை. பிறகு கறுப்பையாவிடம் ஓடி, ஒரு போத்தல் நிறைய வண்டிப் பெற்றோலை உறிஞ்சி எடுத்தான். கால்வாசியைத் தாங்கியில் ஊற்றினான். மிச்சத்தால் எஞ்சினைக் கழுவினான். சேர்விஸ் பண்ணுகிறதாம்.

காற்றாடி சுழன்றது. 'பிளக்'. அவ்வளவுதான்.

மூன்றாவது கோல் வந்தது.

"நீலமாவா இருந்திச்சு?" கறுப்பையா தலையைச் சொறிந்தார். "அட, அது ஓயில் கலந்த பெற்றோலுங்க. பழைய ரெண்டு ஸ்ட்ரோக் வண்டிக்கு அப்புடித்தான் ஊத்துவோம். நல்ல சாமான தூக்கி கொட்டிட்டீங்களே தம்பி."

"இப்ப?"

"ஓயில் சேக்கணும். நம்ம வண்டி நாலு ஸ்ட்ரோக்கு, என்கிட்ட இல்லீங்க. ஹாஜியார்கிட்ட கேளுங்க, கடையில வச்சிருக்காரு."

ஹாஜியாரிடம் எப்படிக் கேட்பது? கலப்படம் என்று அடித்துச் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. எஞ்சினியர் என்றால் ஒரு நிலையில் நிற்க வேண்டாமா? பஹ்மி பின்பக்கத்தால் சுற்றி வந்து, குசினி யன்னலில் மெதுவாக, "மாமி, கொஞ்சம் எண்ணெய் தாரீங்களா?" என்றான். பாயிஸாவுக்கு எண்ணெய் என்றால் ஒன்றுதான். அரைக் கோப்பை தேங்காய் எண்ணெய் வந்தது. எண்ணெய் எண்ணெய்தானே என்று தைரியம் சொல்லிக்கொண்டு அதையும் ஊற்றிக் குலுக்கினான்.

பதினைந்தாவது சுழற்றலில் எஞ்சின் வாயைத் திறந்து துப்பியது. பஹ்மியின் முகத்தில், தாடியில், சேட்டின் வெள்ளையாக மிஞ்சியிருந்த இடத்தில் எல்லாம் தேங்காய் எண்ணெய். புரோக்கர் முஹைதீன் கதிரையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் றம்ஸியா சர்பத் தட்டோடு வெளியே வந்தாள்.

படத்தில் இருந்ததைவிட நன்றாக இருந்தாள். பஹ்மி முகத்தைத் துடைத்தான். துடைத்தது கரி பிடித்த கையால். அவள் அவனைப் பார்க்கவில்லை. பிளேனைத்தான் பார்த்தாள். காற்றாடியிலிருந்து வால்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, தட்டை வைத்துக்கொண்டே தாழ்ந்த குரலில் கேட்டாள்:

"ஸ்பார்க் வருதாண்டு பாத்தீங்களா?"

சபையில் பெண் வாய் திறந்ததே உம்மாவுக்கு அதிசயம். பஹ்மிக்கோ, ஒரு மணி நேரமாக எஞ்சினிடமும் கறுப்பையாவிடமும் பட்ட அவமானத்துக்கு ஒரு வழி கிடைத்தது. சிரித்தான்.

"அதெல்லாம் எஞ்சினியரிங். பொம்புளைகளுக்கு வெளங்காது. நீங்க குசினியப் பாத்துக்கோங்க, இத நான் பாத்துக்கிறேன்."

உம்மா பெருமையோடு தலையாட்டினாள். ஹாஜியார் மட்டும் சர்பத் கிளாஸை எடுத்தவர், குடிக்காமலே வைத்தார்.

றம்ஸியா ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அவள் மௌனத்தை அடக்கமான சுபாவம் என்று எடுத்துக்கொண்ட பஹ்மி, அந்த உற்சாகத்தில் கடைசித் தீர்ப்பையும் சொல்லிவிட்டான்.

"மாமா, சுத்தி வளைக்காம செல்றேன். இத ஸ்டார்ட் பண்ண ஏலாது. சாமான் சைனா குப்ப. அதையும் பூட்டினவனுக்கு எஞ்சின்ட தலையும் தெரியாது, வாலும் தெரியாது. கண்ணு தெரியாதவன் பூட்டின மாதிரி ஈக்கிது."

வீட்டுக்குள் ஏதோ கிளாஸ் விழுந்து உடைந்தது.

ஹாஜியார் மெதுவாக எழும்பினார். மேல் துண்டை உதறித் தோளில் போட்டார். "சரி மகன். நாங்க யோசிச்சிப் பாத்து அறிவிக்கிறம்," என்றார்.

சம்பந்தம் பேசுகிற ஊரில் இந்த வசனத்துக்கு அகராதி தேவையில்லை. பகல் சாப்பாட்டைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசுவதற்குக் கறியும் இல்லை. உம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "என்ன முஹைதீன், இப்பிடிப் போச்சி?" என்று கேற்றுவரை கேட்டுக்கொண்டு வந்தாள். "எல்லாம் சரி வரும்," என்று முஹைதீனும் கேற்றுவரை சொல்லிக்கொண்டு வந்தார்.

மூன்று பேரும் த்ரீவீலில் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். கறுப்பையா ஸ்டார்ட்டரை இழுத்தார். வண்டி இருமியது. இன்னொரு தடவை இழுத்தார். இருமலும் நின்றுவிட்டது. குனிந்து தாங்கியைப் பார்த்துவிட்டு, பஹ்மியை நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு போத்தல்னு சொல்லிட்டு உள்ளதெல்லாம் உறிஞ்சிட்டீங்களே தம்பி."

பஹ்மி எண்ணெய் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டான்.

"இருங்க. பெற்றோல் ஷெட்டுக்குப் போய் வாங்கிட்டு வந்துர்றேன்." போத்தலை எடுத்துக்கொண்டு அவர் இறக்கத்தில் நடந்தார்.

நிராகரித்த வீட்டின் கேற்றுக்கு முன்னால், ஓடாத வண்டிக்குள், மாப்பிள்ளை வீட்டார் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். பிலிமத்தலாவைச் சனம் நல்ல சனம், போகிற வருகிற எல்லோரும் உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன, வண்டி ஸ்டார்ட் ஆகுதில்லையா?" என்று அக்கறையாக விசாரித்துவிட்டுத்தான் போனார்கள். பஹ்மி ஃபோனை எடுத்தான். படத்தைத் திறந்தான். பிறகு மூடினான். அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவள் குரல் எவ்வளவு மெதுவாக இருந்தது என்று நினைத்துப் பார்த்தான். அப்படிப் பதில் சொல்லியிருக்க வேண்டாம். வெட்கமாக இருந்தது, நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

இறக்கத்தில் கறுப்பையாவின் தலை தெரிந்தபோது, வீட்டுக்குப் பின்னால் இருந்து அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் ஒரு 'பிளக்'. அடுத்தது ஒரே இரைச்சல். திக்கல் இல்லை, திணறல் இல்லை. மதிலுக்கு மேலால் மஞ்சள் பிளேன் எழும்பியது. பாக்கு மரங்களைத் தாண்டி, கடுகண்ணாவை மலைப் பக்கம் போய், சாய்ந்து திரும்பி, த்ரீவீலின் கூரைக்கு மேலால் தாழ்ந்து ஒரு வட்டம் அடித்துவிட்டு மறுபடியும் மேலே ஏறியது. கொஞ்சம் தேங்காய் எண்ணெய் மணம் மட்டும் மிஞ்சியது.

பஹ்மி வாய் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். "அத... அத யாரு ஸ்டார்ட் பண்ணின?"

கறுப்பையா வண்டியின் பின்பக்கம் குனிந்து பெற்றோலை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"றம்ஸியா தங்கச்சிதாங்க. வேற யாரு? அத செஞ்சதே அவங்கதானே. வயித்துக்கு அடியில ஒரு ஸ்விட்ச்சு இருக்கு, அத போட்டாத்தான் ஸ்பார்க்கு வரும். அத காலையில அவங்களே நிப்பாட்டி வச்சிட்டாங்க போல." போத்தலைக் கடைசிச் சொட்டுவரை வடித்தார். "நாலு வருசமா பேராதனை கெம்பஸுக்கு இந்த வண்டியிலதான் போய் வந்தாங்க. போன வருசந்தான் எஞ்சினியரா வெளிய வந்தாங்க."

"எஞ்சினியரா?" உம்மா வண்டி சீற்றில் நிமிர்ந்தாள். "சாதாரண தரம் எண்டுதானே தாள்ல எழுதி ஈந்திச்சி?"

தாயும் மகனும் ஒரே நேரத்தில் முஹைதீனைப் பார்த்தார்கள். முஹைதீன் ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருந்தார். ஃபோன் திரை கறுப்பாக இருந்தது.

"பொண்ணு எஞ்சினியருன்னு எழுதினா மாப்புள வூட்டுக்காரங்க படியேற மாட்டாங்க, அத கழட்டி வச்சிருவோம்னு இவருதான் ஹாஜியார்கிட்ட சொன்னாருங்க. என்னையும் வாய தொறக்க வேணாம்னுட்டாங்க." கறுப்பையா தாங்கி மூடியை இறுக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே பஹ்மியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். "கழட்டினத கொண்டு போய் எந்த வண்டிக்கு மாட்டினாருன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சிச்சு."